வாய் பொருந்தினால் போதுமா?

சரவணையில் எங்கள் மாதர் சங்கம் கூடும் அறையின் மூலையில் ஒரு கணினி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஏறக்குறைய ஆறு வாரங்கள் அது பூவேலை செய்த துணியால் மூடப்பட்டே கிடந்தது. அழகான துணிதான். சங்கத்து அக்கா ஒருவர் தமது கையால் தைத்தது. ஆனாலும் அந்தத் துணியைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். உள்ளே இருந்த கணினி ஓடக்கூடிய நிலையில்தான் இருந்தது. மொனிற்றரும் பழுதில்லை. இரண்டையும் இணைக்கின்ற, பெருவிரல் அளவான ஒரு சிறு துண்டுதான் சரியில்லை.

அந்தச் சிறு துண்டுக்கு அடப்ரர் என்று பெயர். இம்மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். குழந்தை வளர்ப்புக்கும் தையலுக்கும் சட்ட ஆலோசனைக்கும் இடம் கொடுக்கும் ஒரு பெண்கள் சஞ்சிகையில் வயர்த் துண்டுக்கு என்ன வேலை என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். வாசித்து முடித்த பின்னர் கேளுங்கள்.

நான் சரவணையில் பிறந்தவள். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, கைக்குழந்தையாகத் தூக்கிச் செல்லப்பட்டவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, சமூகப் பணியாளராக மறுபடி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். கணினியின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது. இனி நான் சொல்லப்போகும் கதையில் முதற் பிழை விட்டதும் நான்தான்.

கணினி வந்த கதை

வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் சேர்ந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய பாவித்த கணினி அது. பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டிலிருந்த ஐந்து பெண்கள் அதில் தமிழ்த் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் பழகினார்கள். எங்கள் பகுதியில் இந்த வேலைக்கு எப்போதும் தேவை உண்டு. கலியாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பத்தோராம் நாள் நினைவுமலர். ஒரு வீட்டில் சாவு நடந்தால், அந்தியேட்டிக்கு முன்னர் தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, படங்கள் எல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் அச்சடித்தாக வேண்டும். இதுவரை அந்த வேலையெல்லாம் பட்டணத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

ஐவரில் ஒருவர் இரண்டு பிள்ளைகளின் தாய். கணவரை இழந்தவர். ஓலைப் பின்னலில் வரும் சிறு வருமானத்தில் குடும்பத்தைக் கொண்டிழுப்பவர். “மிஸ், இதைப் பழகினால் வீட்டிலை பிள்ளையளையும் பார்த்துக்கொண்டு உழைக்கலாம் என்ன?” என்று முதல்நாளே கேட்டவர் அவர்தான்.

பழகத் தொடங்கிச் சில மாதங்களில் கணினித் திரை இருண்டு போனது. திருத்துபவர் வந்து பார்த்தார். கணினியின் மதர்போர்ட்டிலிருந்து மொனிற்றருக்குப் படம் அனுப்பும் பகுதி செத்துவிட்டது, மற்றவை நல்லாக இருக்கின்றன என்றார். தனியாக ஒரு கிராபிக்ஸ் காட் போட்டால் போதும் என்று சொல்லி, பாவித்த காட் ஒன்றைப் பொருத்தியும் தந்தார். கிராபிக்ஸ் காட் என்பது வேறொன்றுமில்லை. கணினி செய்யும் வேலையைப் படமாக்கி மொனிற்றருக்கு அனுப்புகின்ற ஒரு பலகை.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. எங்களுடையது பழைய 19 அங்குல மொனிற்றர். அதன் பின்புறத்தில் ஒரேயொரு வாய்தான் உண்டு. நீல நிறத்தில், மூன்று வரிசைத் துளைகளோடு, இருபுறமும் திருகாணி வைத்த வாய். அதற்கு வி.ஜி.ஏ. என்று பெயர். புதிதாகப் போட்ட காட்டில் மூன்று வாய்கள் இருந்தன. மூன்றில் ஒன்றுகூட வி.ஜி.ஏ. இல்லை.

புதிய மொனிற்றர் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி விழுந்த பின்னர், வெளிநாட்டிலிருந்து வரும் மின்சாதனங்களின் விலை எங்கே போய் நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் சேமிப்புப் புத்தகத்தில் அதற்கு வழியிருக்கவில்லை.

வெட்டிய நான்கு ஊசிகள்

பட்டணத்துக்குப் போய் அடப்ரர் வாங்கி வந்தவள் நான். “காட்டில் டி.வி.ஐ. வாய் இருக்கிறது, மொனிற்றரில் வி.ஜி.ஏ. இருக்கிறது, இரண்டையும் பொருத்த ஒன்று தாருங்கள்” என்று கேட்டேன். கடைக்காரரும் ஒரு பக்கம் டி.வி.ஐ., மறுபக்கம் வி.ஜி.ஏ. உள்ள சிறு துண்டொன்றைத் தந்தார். அது எந்த வகை டி.வி.ஐ. என்று நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. பண்ணைப் பாலம் தாண்டி பஸ் வரும்வரை அந்தத் துண்டைக் கைப்பையில் பொத்திப் பிடித்திருந்தேன்.

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். செருகிப் பார்த்தேன். போகவில்லை. திருப்பிப் பிடித்தேன். அப்போதும் போகவில்லை. அடப்ரரில் ஒரு தட்டையான தகட்டைச் சுற்றி நான்கு ஊசிகள் இருந்தன. காட்டின் வாயில் அந்த இடத்தில் துளைகளே இல்லை. உதவிக்கு வந்த அயல்வீட்டுத் தம்பி, “இந்த நாலும்தான் இடிக்குது” என்று சொல்லிக் குறட்டை எடுத்து நான்கையும் வெட்டிவிட்டார். இப்போது அழகாகப் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினோம். கணினியைப் போட்டோம். திரையில் “நோ சிக்னல்” என்று ஒரு வரி வந்தது. பிறகு அதுவும் மறைந்து இருண்டது.

வெட்டிய துண்டைக் கடையில் மாற்றவும் முடியாது. சங்கத்துக் காசு வீண். கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர், “உது எங்களுக்கு விளங்காத சாமான் பிள்ளை. மூடி வையுங்கோ” என்றார். துணி வந்தது அப்படித்தான்.

சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். ஓர் ஆணின் மோட்டார் சைக்கிள் இயங்காவிட்டால், அவர் மோட்டார் சைக்கிளைத்தான் திட்டுவார். பிளக்கைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி மிதிப்பார். எங்கள் கையில் ஒரு பொறி இயங்காவிட்டால் நாங்கள் எங்களையே நொந்துகொள்கிறோம். “எனக்கு இது சரிவராது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். சிறுமியாக இருந்தபோது எந்தப் பொறியையும் கழற்றிப் பார்க்க எம்மை விட்டதில்லை. அதைப் பின்னர் எமது இயலாமை என்று நாமே எண்ணிக்கொள்கிறோம். சமூகவியல் வகுப்பில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும், துணியைப் போட்டபோது நானும் பேசாமல்தான் நின்றேன்.

நான்காவது வாரத்தில் ஊரில் ஒரு முதியவர் காலமானார். எங்கள் கூட்டத்தில் இருந்த அந்தத் தாயின் உறவினர். நினைவுமலர் வேலையை அவர்கள் இவரிடமே ஒப்படைத்தார்கள். அவருக்குக் கிடைத்த முதல் வேலை. முப்பத்தோராம் நாள் யாருக்காகவும் காத்திருக்காது. அவர் தொலைபேசியிலேயே எழுத்துகளைத் தட்டிச் சேர்த்துக்கொண்டு, தினமும் வந்து மூடிய கணினியைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒருநாள், ஐவரில் இளையவளான பத்தொன்பது வயதுப் பிள்ளை அந்த வெட்டிய அடப்ரரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மொனிற்றர் வயரையும் பக்கத்தில் வைத்து ஊசிகளை எண்ணினாள். பிறகு, “மிஸ், நாங்கள் வெட்டின நாலு ஊசியாலைதான் படம் வாறது போலை கிடக்கு” என்றாள்.

அவள் சொன்னது முழுக்கச் சரி. தேடி வாசித்த பின்னர்தான் எனக்கு விளங்கியது. அந்த நான்கில் மூன்று ஊசிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களையும் கொண்டுபோகின்றன. நான்காவது, படத்தின் வரிகளை ஒழுங்குபடுத்தும் சைகையைக் கொண்டுபோகிறது. படத்தையே வெட்டியெறிந்துவிட்டுப் படம் வரவில்லை என்று நாங்கள் காத்திருந்தோம். வெட்டாமல் விட்டிருந்தாலும் பயனில்லை என்பது வேறு விடயம். அந்தக் காட் அப்படியான சைகையை அனுப்புவதே இல்லை. துளை வைக்காததன் காரணமும் அதுதான்.

உறையும் கடிதமும்

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த சோறு சமைக்கும் குக்கரை எங்கள் வீட்டுப் பிளக்கில் செருகி எரித்த கதை பல வீடுகளில் உண்டு. அங்கே மின்சாரம் 120 வோல்ற். இங்கே 230 வோல்ற். பிளக்கின் வடிவத்தை மாற்றும் சிறு துண்டு கடையில் மலிவாகக் கிடைக்கும். அது வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ற்றை மாற்றாது. வோல்ற்றை மாற்ற ரான்ஸ்போமர் வேண்டும்.

கணினி அடப்ரர்களும் இப்படி இரண்டு வகைதான். ஒன்று வடிவத்தை மட்டும் மாற்றுவது. மற்றது சைகையையே மாற்றுவது. சிங்களத்தில் வந்த கடிதத்தை வேறு உறைக்குள் போட்டால் அது தமிழ்க் கடிதம் ஆகிவிடுமா? மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். நான் வாங்கி வந்தது புது உறை. எங்களுக்குத் தேவைப்பட்டதோ மொழிபெயர்ப்பாளர்.

மொழிகள் எவை என்று பார்ப்போம். வி.ஜி.ஏ. முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் அறிமுகம் செய்தது. இந்திய இராணுவம் எங்கள் மண்ணுக்கு வந்த அதே ஆண்டு. அதில் நிறத்தின் அளவு, அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைப்பதுபோல, மின்னழுத்தம் ஏறி இறங்குவதாகவே போகும். இதை அனலொக் என்பார்கள். அதன் பின்னர் வந்தவை எண்களாக அனுப்புபவை. சீட்டுக் கணக்குப்போல இலக்கமாக எழுதி அனுப்பும். இதை டிஜிற்றல் என்பார்கள். 1999இல் டி.வி.ஐ. வந்தது. மாறுகின்ற காலத்துப் பிள்ளை என்பதால், அதில் ஒரு வகை இரண்டு மொழியும் பேசும். அதன் பெயர் டி.வி.ஐ.-ஐ. டிஜிற்றல் மட்டும் பேசும் வகை டி.வி.ஐ.-டி. எச்.டி.எம்.ஐ. முறை 2002இன் இறுதியிலும், டிஸ்பிளே போர்ட் 2006இலும் வந்தன. இவை இரண்டும் டிஜிற்றல் மட்டுமே.

2010 டிசெம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் சேர்ந்து வி.ஜி.ஏ.யைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தன. என்விடியா நிறுவனம் 2016இல் வெளியிடத் தொடங்கிய 10ஆம் வரிசைக் காட்களில் அந்த நான்கு துளைகளும் இல்லை. ஆனால் எங்கள் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் வீடுகளிலும் வி.ஜி.ஏ. மொனிற்றர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உலகம் கைவிட்ட பின்னரும் எங்களிடம் பொருள் உழைக்கும். ஆகவே இந்தத் தொல்லை இன்னும் பல ஆண்டுகளுக்கு எங்களோடு இருக்கும்.

வாய்களை அறிந்துகொள்வோம்

கணினியின் பின்புறத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

வி.ஜி.ஏ.: பெரும்பாலும் நீல நிறம். மூன்று வரிசையில் ஐந்து ஐந்தாக 15 துளைகள். வயரின் பக்கத்தில் ஓர் ஊசி இல்லாமல் 14 மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். பல வயர்களில் ஒன்பதாவது ஊசி வைப்பதில்லை.

டி.வி.ஐ.: பெரும்பாலும் வெள்ளை நிறம். மூன்று வரிசையில் எட்டு எட்டாக 24 துளைகளும், பக்கத்தில் ஒரு தட்டை வெட்டும் இருக்கும். அந்தத் தட்டை வெட்டைச் சுற்றி மேலும் நான்கு துளைகள் இருந்தால் அது டி.வி.ஐ.-ஐ. இருந்தால், மலிவான வடிவம் மாற்றும் அடப்ரரே வி.ஜி.ஏ.க்குப் போதும். நான்கும் இல்லாவிட்டால் டி.வி.ஐ.-டி. அந்த அடப்ரர் உதவாது. குறட்டைத் தொடாதீர்கள்.

எச்.டி.எம்.ஐ.: புதிய தொலைக்காட்சிப் பெட்டிகளில் உள்ள, கீழ்ப்புறம் ஒடுங்கிய தட்டை வாய். டி.வி.ஐ.-டியும் எச்.டி.எம்.ஐ.யும் படத்தைப் பொறுத்தவரை ஒரே மொழி பேசுகின்றன. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில் வடிவம் மாற்றும் துண்டு போதும். ஒலி மட்டும் வராமல் போகலாம்.

டிஸ்பிளே போர்ட்: எச்.டி.எம்.ஐ. போலவே தட்டை, ஆனால் ஒரு மூலை மட்டும் சரிந்திருக்கும். பெரும்பாலான காட்களின் டிஸ்பிளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ. மொனிற்றருக்குச் சாதாரண அடப்ரர் மூலம் படம் கொண்டுபோகலாம். அதே துண்டைத் திருப்பிப் போட்டு எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டிஸ்பிளே போர்ட் மொனிற்றருக்குக் கொண்டுபோக முடியாது.

எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போர்ட், டி.வி.ஐ.-டி இவற்றில் எதிலிருந்து வி.ஜி.ஏ.க்குப் போனாலும், உள்ளே மாற்றும் சில்லு உள்ள கன்வேர்ட்டர்தான் வேண்டும். இது ஒருவழிப் பாதை. பழைய கணினியின் வி.ஜி.ஏ.யிலிருந்து புதிய தொலைக்காட்சிப் பெட்டியின் எச்.டி.எம்.ஐ.க்குப் போக வேறு கன்வேர்ட்டர் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கச்சி போலவே இருக்கும். “எதிலிருந்து எதற்கு” என்று கேட்டே வாங்க வேண்டும்.

இம்முறை அவர்களே போனார்கள்

இரண்டாம் முறை கடைக்கு நான் போகவில்லை. அந்தத் தாயும் பத்தொன்பது வயதுப் பிள்ளையும் போனார்கள். காட்டின் மூன்று வாய்களையும் மொனிற்றரின் வாயையும் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். “எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு, உள்ளே சில்லு உள்ளது. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவீர்களா?” என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதியும் வாங்கினார்கள். விலை, ஏறக்குறைய ஒரு கிலோ கோழி இறைச்சியின் விலை.

செருகியவுடன் படம் வந்தது. பத்து நிமிடத்தில் போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. மூத்த அம்மா துணியைக் கையில் எடுத்தார். பிள்ளை விடவில்லை. கன்வேர்ட்டரின் பக்கத்தில் சிறு துளை ஒன்றைக் கண்டாள். எச்.டி.எம்.ஐ. வாயிலிருந்து கிடைக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். சில கன்வேர்ட்டர்களுக்கு அது போதாது. அதற்காகத்தான் தனி மின்சாரம் கொடுக்க அந்தத் துளை. பழைய தொலைபேசி சார்ஜர் வயர் ஒன்றை அதில் செருகி, மறுமுனையைக் கணினியின் யு.எஸ்.பி. வாயில் போட்டாள். படம் நின்றது. கன்வேர்ட்டர் இளஞ்சூடாக இருந்தது. உள்ளே சில்லு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

முப்பத்தோராம் நாளுக்கு அப்போது ஒன்பது நாட்கள் இருந்தன. அந்தத் தாய் பிள்ளைகளை அறையிலேயே பாயில் படுக்க வைத்துவிட்டு இரவிரவாக வேலை செய்தார். நான்காம் நாள் விடிய எனக்கு அழைப்பு வந்தது. “மிஸ், ஐயாவின்ரை முகம் மஞ்சளாய்ப் போச்சு.” காலமானவரின் படம் முழுவதும் மஞ்சள் பிடித்திருந்தது. தான் எதையோ அழித்துவிட்டதாக நினைத்து அழுதார். தொலைபேசியிலேயே, மொனிற்றரின் பின்னால் வி.ஜி.ஏ. வயரின் இரண்டு திருகாணிகளையும் இறுக்கிப் பாருங்கள் என்றேன். நீல நிற ஊசி சரியாகத் தொடாவிட்டால் வெள்ளை மஞ்சளாகும். இறுக்கினார். முகம் பழையபடி வந்தது. இந்த ஒரு விடயத்தில் மட்டும் என் படிப்பு உதவியது.

நினைவுமலர் அச்சுக்குப் போய், குறித்த நாளில் அந்தியேட்டி வீட்டில் கையளிக்கப்பட்டது. கிடைத்த கூலியில் ஒரு பங்கை, நான் வீணாக்கிய அடப்ரரின் விலைக்கென்று சங்கத்துக்குக் கட்ட வந்தார் அந்தத் தாய். வாங்க மறுத்துவிட்டோம். அந்தப் பிழை என்னுடையது. கட்டியதும் நான்தான்.

வாங்குவதற்கு முன்னும் செருகுவதற்கு முன்னும்

1. இரு பக்க வாய்களையும் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஊசிகளையும் துளைகளையும் எண்ணுங்கள்.

2. மொனிற்றரில் வேறு வாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே வகை வாய் இருபுறமும் இருந்தால் அடப்ரரே தேவையில்லை, வயர் போதும்.

3. தனிக் கிராபிக்ஸ் காட் போட்ட கணினியில் மொனிற்றரை அந்தக் காட்டின் வாயிலேயே செருகுங்கள். மதர்போர்ட்டின் வாயில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று தேடுவது வழமையான தவறு.

4. செருகும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள். இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். வளைந்த ஊசி முறிந்தால் வயரே போய்விடும்.

5. மொனிற்றரில் “இன்புட்” என்ற தெரிவு இருந்தால், சரியான வாயைத் தெரிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

6. வி.ஜி.ஏ. ஒலியைக் கொண்டுபோகாது. ஒலி தேவையானால், ஒலிக்கான சிறு துளை உள்ள கன்வேர்ட்டரைக் கேளுங்கள்.

7. எங்கள் தீவுகளில் உப்புக்காற்று ஊசிகளில் களிம்பு பிடிக்க வைக்கும். பாவிக்காத அடப்ரரைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, எதிலிருந்து எதற்கு என்று ஒட்டுத்தாளில் எழுதி வையுங்கள்.

எங்கள் அறையில் அந்தப் பூவேலைத் துணி இன்னும் இருக்கிறது. வேலை முடிந்த பின்னர் தூசு படாமல் இரவில் மட்டும் போடுகிறோம். வெட்டிய அடப்ரரை வகுப்புக்கு வரும் புதிய பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக மேசை லாச்சியில் வைத்திருக்கிறோம்.

உங்கள் ஊர்ச் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ பாடசாலையிலோ துணி மூடிய கணினி ஏதும் இருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் துணியை எடுத்து, பின்புறத்தைத் திருப்பி, துளைகளை எண்ணிப் பாருங்கள். கண்டதை எங்களுக்கு எழுதுங்கள்.